புள்ளித்திரை

ஆஸ்திரேலியாவின் நடுவே அமைந்த பாலைநிலச் சிற்றூர் பப்புன்யா. தம் நிலத்தினின்று பெயர்க்கப்பட்ட தொல்குடியினரை அரசு அங்குக் குடியமர்த்தியிருந்தது. மூதாதையர் நடந்த வழிகளை அவர்கள் சடங்கின்போது மணலிலும் உடலிலும் வரைவர். சடங்கு முடிந்ததும் அவை அழியும். 1971இல் ஜெஃப்ரி பார்டன் என்னும் ஆசிரியர் ஊக்குவிக்க, காபா ஜம்பிஜின்பா முதலியோர் அம்மண்ணுக்குரிய தேனெறும்பு மூதாதையின் கதையைப் பள்ளிச்சுவரில் தீட்டினர், பலகைகளிலும் வரைந்தனர். அவற்றுள் சில, பிறர் காணத்தகாத புனிதக் குறிகளை வெளிப்படுத்துவதாக முதியோர் கண்டித்தனர். ஓவியர்கள் வரைவதை விடவில்லை. அக்குறிகளைத் தவிர்த்தனர், அல்லது நுண்புள்ளிகளால் மறைத்தனர். அயலார் வெறும் அழகெனக் கொண்ட புள்ளிகளுள் பல, உண்மையில் திரைகள். 1974இல் சுவரோவியத்தின்மீது வண்ணம் பூசி அதனை அழித்தனர். ஆயினும் 1972இலேயே ஓவியர்கள் தமக்கென ஒரு நிறுவனம் கண்டிருந்தனர். அது இன்றும் அவர்தம் உடைமையே.