முகூர்த்தம் இல்லாத மாதத்தின் வருமானம்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியில் தனித்துத் தொழில் செய்யும் புகைப்படக் கலைஞருக்கு ஒரு நாட்காட்டி போதாது. மலையாள மாதம், தமிழ் மாதம், திருச்சபையின் ஆண்டு, ஹிஜ்ரி ஆண்டு ஆகிய நான்கையும் பார்த்தால்தான் அவரால் தம் ஆண்டு வருமானத்தை ஓரளவேனும் கணிக்க முடியும். மாதச் சம்பளம் பெறும் வாடிக்கையாளர்களுக்கு இது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் கடன் கேட்டுக் கிளைக்கு வரும் இத்தொழிலாளரின் வரவு செலவைப் புரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை என்றே நாம் கருதுகிறோம்.

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோடு நிலத்தில் விழுந்ததே தவிர உறவில் விழவில்லை. களியக்காவிளையில் பெண் எடுப்பதும், பாறசாலையில் மாப்பிள்ளை பார்ப்பதும், மார்த்தாண்டத்தில் நகை வாங்குவதும், பாலராமபுரத்துக் கைத்தறி உடுத்துவதும் இன்றும் ஒரே குடும்பத்தின் ஒரே திருமணத்தில் நடைபெறுகின்றன. ஆகவே இங்குள்ள கலைஞர் திங்களன்று கோயில் நடையில் தாலிகட்டையும், வியாழனன்று தேவாலயத்தில் மின்னு சார்த்துவதையும், ஞாயிறன்று மண்டபத்தில் நிக்காஹ் நிகழ்வையும் படமெடுக்க நேரலாம். எந்தச் சடங்கு எத்தனை நொடி நீடிக்கும், பீடத்தருகே எவ்வளவு தூரம் செல்ல அருட்தந்தை இசைவார், ஒளிவிளக்கை எப்போது அணைக்க வேண்டும் என்பவை அவர் கேமராவைவிட முன்னதாகக் கற்றுக்கொள்ள வேண்டியவை.

இனி நாட்காட்டிக்கு வருவோம். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை தமிழுக்கு ஆடி, மலையாளத்துக்குக் கர்க்கடகம். இரு பக்கமும் இந்துத் திருமணங்கள் நின்றுவிடுகின்றன, மழையும் சேர்ந்துகொள்ளும். 'பஞ்ஞக் கர்க்கடகம்' என்று மலையாளிகள் சொல்வது உழவருக்கு மட்டும் உரியதன்று. சிங்கம் பிறந்ததும், நம் கணக்கில் ஆவணி பிறந்ததும், திருமணங்கள் குவிகின்றன. டிசம்பர் நடுவில் மார்கழி தொடங்குகிறது; அதற்குச் சற்று முன்னரே திருச்சபையின் திருவருகைக் காலம் தொடங்கி கிறிஸ்துமஸ் வரை நீள்கிறது. ஆக, டிசம்பரின் இரண்டாம் பாதியில் கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள்களில் இரு சமூகத்தாரின் திருமணங்களும் ஒருசேர அரிதாகின்றன. கிறிஸ்துமஸ் கழிந்ததும் தேவாலயத் திருமணங்கள் மீள்கின்றன; இந்துத் திருமணங்களோ தை பிறக்கும்வரை காத்திருக்கின்றன. பின்னர் தவக்காலத்தில் தேவாலயத் திருமணங்கள் குறையும். ரமலான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்வதால், அதன் இடைவெளி எந்த ஆண்டு எங்கே விழும் என்று தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரே சமூகத்தின் திருமணங்களை மட்டும் எடுப்பவருக்கு ஆண்டில் பெரும் பள்ளங்கள் உண்டு. மூன்று சமூகங்களிலும் பழக்கம் உள்ளவருக்கோ ஒன்றின் பள்ளத்தை மற்றொன்று பெருமளவு நிரப்பிவிடும். எல்லைப்புறத்தில் வாழ்வதன் பொருளாதாரப் பயன் இது. இதைக் கணக்கில் எழுதிப் பார்த்தவர்கள் சிலரே.

முன்பு இத்தொழிலின் முகம் ஸ்டுடியோவாக இருந்தது. திருவனந்தபுரத்தில் சிவன் 1959இல் நிறுவிய 'சிவன்ஸ் ஸ்டுடியோ' அதற்குத் தலைசிறந்த சான்று. செய்திப் படம், திரைப்படத்தின் நிழற்படம், குடும்பப் படம் யாவும் ஒரே கூரையின்கீழ் அமைந்தன. அடையாள அட்டைப் படத்துக்கு நாள்தோறும் வரும் சில்லறையே பல ஸ்டுடியோக்களின் வாடகையைச் செலுத்தியது. கைப்பேசி அந்தச் சில்லறையைப் பறித்துக்கொண்டது. இன்று கடை வாடகை இல்லை என்பது தனித் தொழிலரின் ஆதாயம்; அன்றாட வரவும் இல்லை என்பது அவரது இடர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை; ஒவ்வொருவரும் தம் எண்களை இட்டு நிரப்பிக்கொள்ளலாம். ஒரு திருமணத்துக்கு ஒப்பந்தத் தொகை 40,000 ரூபாய். இதில் ஆல்பம் அச்சிட 9,000, வீடியோ தொகுப்புக்கு 6,000, உடன் வரும் இரண்டாவது கேமராக்காரருக்கு 4,000, பயணத்துக்கும் உணவுக்கும் 2,000 என 21,000 வெளியே போகிறது. மிச்சம் 19,000. கேமரா தேய்மானத்துக்காக 3,000, காப்பீடு, வரி முதலியவற்றுக்காக 1,000 ஒதுக்கினால் கலைஞருக்கு உண்மையில் உரியது 15,000. ஆண்டுக்கு 30 திருமணங்கள் எனில் 4,50,000. மாதத்துக்கு 37,500 என்று வகுத்துச் சொல்லிவிடலாம். ஆனால் அப்படி வருவதில்லை. சிங்கத்தில் ஒரு லட்சமும் கர்க்கடகத்தில் சில ஆயிரமுமாகவே வரும்.

இங்கே நாம் பரிந்துரைப்பது பழைய முறைதான். தொழிலுக்குத் தனிக் கணக்கு ஒன்று வைத்து, திருமணத் தொகை முழுவதையும் அதிலேயே வரவு வைத்து, அதிலிருந்து மாதந்தோறும் ஒரே நாளில் 30,000 ரூபாயை மட்டும் வீட்டுக் கணக்குக்குச் 'சம்பளமாக' மாற்றுவது. ஆண்டு முடிவில் 90,000 ரூபாய் தொழிற்கணக்கில் நிற்கும்; அது மூன்று மாதச் சம்பளம். யுபிஐ வழியாக வரும் முன்பணமும் அந்தக் கணக்கிலேயே விழுமாறு கியூஆர் குறியீட்டை அமைத்துக்கொள்வது நலம். வீட்டுக் கணக்கோடு கலந்து வரும் பணத்தைக் கடன் அதிகாரியால் பிரித்தறிய இயலாது. பல நேர்மையான விண்ணப்பங்கள் தடுமாறுவது இங்கேதான்.

கடனுக்கும் இதே கணக்கு உதவும். புதிய கேமராவும் இரு லென்சுகளும் வாங்க 4 லட்சம் ரூபாய் கடன், ஆண்டுக்கு 11 விழுக்காடு வட்டி, 36 மாதத் தவணை என்று கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 13,100 ரூபாய், ஆண்டுக்கு 1,57,200. ஆனால் கேமராவுக்கென்று ஒதுக்கி வந்ததோ ஆண்டுக்கு 90,000 மட்டுமே, அதாவது மாதம் 7,500. எஞ்சிய 67,200 எங்கிருந்து வரும்? சேர்த்துவைத்த பள்ளநிதியிலிருந்துதான். கர்க்கடகம் வரும்போது தவணை நிற்பதில்லை. மாதம் 7,500 ரூபாயால் இதே வட்டியில் தாங்கக்கூடிய கடன் ஏறத்தாழ 2,29,000 மட்டுமே. எனவே கேமராவை மட்டும் கடனில் வாங்கி, எப்போதாவது தேவைப்படும் நீண்ட லென்சை நாள் வாடகைக்கு எடுப்பது தாழ்வன்று. ஐந்து திருமணத்துக்கு ஒருமுறை வெளியே எடுக்கப்படும் லென்சுக்கு முப்பத்தாறு மாதம் வட்டி செலுத்துவதை நாம் அறிவுரையாகச் சொல்ல மாட்டோம்.

முத்ரா திட்டத்தில் பிணையின்றிக் கடன் கிடைக்கும். 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிசோர், 10 லட்சம் வரை தருண். தருண் கடனை முறையாகத் திருப்பியவருக்கு 20 லட்சம் வரையும் வாய்ப்புண்டு. உத்யம் பதிவு அரசுத் தளத்தில் இலவசம். அதற்குக் கட்டணம் கேட்கும் தளங்களை நம்ப வேண்டியதில்லை. வருமான வரியில் கேமராவுக்கு 15 விழுக்காடும் கணினிக்கு 40 விழுக்காடும் தேய்மானம் கழிக்கலாம். எந்த முறையில் கணக்குக் காட்டுவது நல்லது என்பதைத் தணிக்கையாளரிடம் கேட்டு முடிவு செய்யலாம்.

எல்லை கடந்த திருமணம் பற்றி ஒரு சொல். பாறசாலைக் கலைஞர் விளவங்கோட்டில் வேலை செய்தால் அது மாநிலங்களுக்கு இடையிலான சேவை ஆகிவிடுமோ, அதனால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமோ என்ற ஐயம் எழுவது இயல்பு. 2017 அக்டோபர் முதல், ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சேவையாளருக்கு மாநிலம் கடந்து சேவை செய்வதால் மட்டும் பதிவு கட்டாயமில்லை. தாண்டினால் பதிவு செய்து 18 விழுக்காடு வரி வசூலிக்க வேண்டும். ட்ரோன் வைத்திருப்போர் 2021 ட்ரோன் விதிகளையும் படிப்பது நல்லது: 250 கிராமுக்கு மேற்பட்டதைத் தொழில்முறையில் பறக்கவிடப் பதிவும், இயக்குபவருக்குச் சான்றிதழும் தேவை.

தொழிலில் மனக்கசப்பை விளைவிப்பது பெரும்பாலும் படம் அன்று, ஆல்பம். திருமணம் முடிந்து மணமக்கள் வளைகுடாவுக்குப் புறப்பட்டுவிடுவார்கள். படம் தெரிவு செய்ய நேரமில்லை என்பார்கள். ஆல்பம் நிற்கும், இறுதித் தவணையும் நிற்கும். ஒப்பந்தத்தில் முன்பணம், திருமண நாள் தொகை, இறுதித் தொகை மூன்றையும் எழுதுவதோடு, எத்தனை நாளுக்குள் படம் தெரிவு செய்ய வேண்டும், தவறினால் கலைஞரே தெரிவு செய்யலாமா, மூலப் படங்களை எத்தனை மாதம் பாதுகாப்பார் என்பவற்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்தாள் போதும். தமிழிலோ மலையாளத்திலோ, இரு வீட்டாரும் படிக்கக்கூடிய மொழியில் இருந்தால் சரி.

அந்த ஒரு பக்கத்தில் மேலும் ஒரு வரி வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டுக்கொண்டதன் பேரில் எடுக்கப்பட்ட புகைப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு உடன்பாடு இல்லாவிடில், பணம் கொடுத்தவரே. எடுத்தவர் அல்லர். தம் கையால் எடுத்த படம் தம்முடையது என்று பெரும்பாலோர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். விளம்பரத்தில் சேர்க்கவும், போட்டிக்கு அனுப்பவும், மாணவர்களுக்குப் பாடமாகக் காட்டவும் எழுத்துமூல இசைவு வேண்டும். மணமகளின் படம் அவர் அறியாமலே கடைப் பலகையில் தொங்குவது சட்டத்துக்கு மட்டுமன்றி நாகரிகத்துக்கும் ஒவ்வாதது.

பாடம் என்றோம்; இத்தொழிலரின் மறுபாதிக்கு அதுவே வாசல். பெங்களூரில் வாழ்ந்த காட்டுயிர்ப் புகைப்படக் கலைஞர் டி. என். ஏ. பெருமாள் தாம் ஓ. சி. எட்வர்ட்சிடம் கற்றதைப் பள்ளி ஏதும் நிறுவாமலேயே ஒரு தலைமுறைக்குக் கற்பித்தார். விளம்பரப் புகைப்படக் கலைஞரான இக்பால் முகமதுவோ தம் துணைவியார் அனுராதாவுடன் 2001இல் உதகை லவ்டேலில் 'லைட் அண்ட் லைஃப் அகாதமி'யையே தொடங்கினார். இரண்டு வழிகள். பாறசாலையில் இருப்பவருக்கு மூன்றாவது வழியும் உண்டு.

1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தர்மஸ்தலத்தாரும் சிண்டிகேட், கனரா வங்கிகளும் இணைந்து தொடங்கிய முயற்சியைப் பின்பற்றி, இன்று மாவட்டந்தோறும் வங்கிகள் கிராமப்புறச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களை நடத்துகின்றன. அவற்றின் பாடப்பட்டியலில் புகைப்படமும் வீடியோவும் ஒரு பயிற்சியாகும். ஏறத்தாழ ஒரு மாதம் நீளும் அதில் உணவும் தங்குமிடமும் இலவசம். இப்பயிற்சிக்குத் தொழிலில் கைதேர்ந்தவரே ஆசிரியராக வேண்டும். அதற்கென உரிய சான்று பெற்றவர்களை நிறுவனங்கள் நாடுகின்றன. மழைக்காலத்தில் ஒரு மாதப் பயிற்சி என்பது ஆடிப் பள்ளத்தோடு அளவெடுத்தாற்போல் பொருந்தக்கூடியது. கற்பிப்புக் கட்டணம் திருமண ஒப்பந்தத்துக்கு ஈடாகாது. எனினும் எந்த நாளில் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரிந்த வருமானம் இந்த ஆண்டுக்கணக்கில் அது ஒன்றுதான்.

வகுப்பில் கற்பிக்க வேண்டியது துளை அளவும் வேகமும் மட்டுமல்ல. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசி வளர்ந்த எல்லைப்புற மாணவர்களுக்கு, எந்த வீட்டில் யாரை 'சேட்டா' என்றும் யாரை 'அக்கா' என்றும் அழைத்து முகத்தைக் கேமராப் பக்கம் திருப்புவது என்பது எளிதில் வரும். ஒப்பந்தத்தாள் எழுதுவதும் செலவுக் கணக்கு வைப்பதும் எளிதில் வாரா. எனவே கற்பிப்பவர் தம்முடைய ஓராண்டுக் கணக்கைப் பெயர்கள் நீக்கி வகுப்பில் விரித்துக்காட்டினால், அது எந்தப் பாடநூலிலும் இல்லாத பாடமாக அமையும். பயிற்சி முடித்தவர்களை நிறுவனம் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கிறது. கடன் விண்ணப்பத்துக்குத் துணைநிற்பதும் அதில் அடங்கும். அவர்களில் சிலர் முதல் கேமராவுக்காக நம் கிளைகளுக்கு வருவார்கள். அப்போது கையில் திட்ட அறிக்கையோடு, எந்த மாதங்களில் வருமானம் குறையும் என்று குறித்த நாட்காட்டி ஒன்றையும் கொண்டுவந்தால், தவணை நாளையும் தொகையையும் அதற்கேற்ப முன்கூட்டியே பேசி அமைத்துக்கொள்ள வழியுண்டு.