நாய்க்கு வரும் நீரிழிவு நோயும் நம் பராமரிப்பும்

தோட்டக் காவலுக்கும் ஆட்டுப்பட்டிக்கும் நாய் எத்துணை உற்ற துணை என்பதை நம் விவசாயிகளுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நல்லின நாய்கள் நம் தமிழகத்தின் செல்வங்களாகும். எனினும், பசு ஒரு வேளை தீனி எடுக்காவிடில் அன்றே கால்நடை மருத்துவரை நாடும் நாம், நாய் மாதக்கணக்கில் மெலிந்து வந்தாலும், "வயதாகிவிட்டது" என்று சொல்லி அமைதி கொள்கிறோம். அவ்வாறு விடப்படும் நாய்களுள் சில, வயதினால் மெலிவன அல்ல. நீரிழிவு நோயினால் மெலிவன. இந்நோய் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் உடனிருப்பது. ஆயினும் ஒழுங்கான பராமரிப்பு இருப்பின், நோயுற்ற நாயும் சில ஆண்டுகள் நலமாக வாழ்ந்து, தன் கடமையையும் செய்து வரும். அப்பராமரிப்பு எத்தகையது என்பதை இங்கு ஆராய்வோம்.

நோயின் தன்மை

வயிற்றினுள் இரைப்பையை ஒட்டிக் கணையம் என்னும் உறுப்பு உள்ளது. அது சுரக்கும் பல பொருள்களுள் இன்சுலின் என்னும் ஹார்மோனும் ஒன்று. உண்ட உணவிலிருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரையை உடலின் அணுக்கள் ஏற்றுக்கொள்ளச் செய்வது இந்த இன்சுலினே. அது சுரக்காவிடில், இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தும் உடல் பட்டினி கிடக்கும். குதிர் நிறைய நெல் இருந்தும் திறவுகோல் தொலைந்த வீட்டின் நிலை இது.

இரத்தத்தில் சர்க்கரை 100 மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 200 மில்லி கிராம் என்னும் அளவைத் தாண்டினால், சிறுநீரகம் அதைத் தடுத்து நிறுத்த இயலாது சிறுநீரில் விட்டுவிடும். சர்க்கரை தன்னுடன் நீரையும் ஈர்த்துச் செல்லும். ஆகவே நாய் அடிக்கடி சிறுநீர் கழிக்கும். இழந்த நீரை ஈடு செய்ய ஓயாமல் தண்ணீர் குடிக்கும்.

மனிதருள் வயது வந்தோர் பலருக்கு மாத்திரைகளாலேயே சர்க்கரை கட்டுப்படுவதைக் காண்கிறோம். நாயின் நிலை வேறு. அதன் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்கள் பெரும்பாலும் அழிந்தே போகின்றன. ஆதலால் வீட்டிலுள்ள பெரியவர்களின் மாத்திரையை நாய்க்குக் கொடுப்பதால் பயன் இல்லை. இன்சுலின் ஊசி ஒன்றே வழி.

நாய்க்கு நாம் பட்ட கடன்

இந்நோய்க்கும் கணையத்திற்கும் உள்ள தொடர்பை மனிதகுலம் அறிந்தது நாய்களின் மூலமாகத்தான். 1889 ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வான் மெரிங் என்னும் இரு அறிஞர்கள் ஒரு நாயின் கணையத்தை அகற்றிய போது, அதற்கு நீரிழிவு உண்டாயிற்று. நோயின் மூலம் கணையத்தில் உள்ளது என்பது அதனால் புலனாயிற்று. 1921 ஆம் ஆண்டில் கனடாவின் டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் ஆகிய இருவரும், கணையம் அகற்றப்பட்ட நாய்களுக்குக் கணையச் சாற்றைச் செலுத்தி, சர்க்கரை இறங்குவதைக் கண்டனர். மறு ஆண்டு, 1922 ஜனவரியில், 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இன்சுலின் முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. இன்று நம் ஊர்களில் ஊசி போட்டுக்கொண்டு உயிர் வாழும் ஒவ்வொருவரும் அந்த நாய்களுக்குக் கடன்பட்டவரே. அதே மருந்து நாயின் உயிரையும் காக்கும் என்பதை நாம் மறத்தலாகாது.

அறிகுறிகள்

ஓர் உதாரணத்தை எடுத்துக் கொள்வோம். ஒரு விவசாயியின் வீட்டில் 8 வயதான பெட்டை நாய் ஒன்று இருக்கிறது. எடை 20 கிலோ. முன்பெல்லாம் காலையில் நிரப்பிய தண்ணீர்ச் சட்டி மாலை வரை போதுமானதாக இருந்தது. இப்பொழுது இரண்டு மூன்று முறை நிரப்ப வேண்டியிருக்கிறது. இரவில் ஒரு நாளும் திண்ணையை அசுத்தம் செய்யாத நாய், இப்பொழுது செய்கிறது. அது சிறுநீர் கழித்த இடத்தில் எறும்புகள் மொய்க்கின்றன. வைத்த சோற்றை அவசரமாக உண்கிறது. ஆயினும் விலா எலும்புகள் தெரியத் தொடங்கிவிட்டன. இவை யாவும் சேர்ந்து காணப்படின் நீரிழிவு என ஐயுற வேண்டும்.

20 கிலோ எடையுள்ள நாய் சாதாரணமாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லிட்டர் தண்ணீர் குடிக்கும். வெயில் காலத்தில் சற்று மிகும். 2 லிட்டருக்கு மேல் தொடர்ந்து குடிக்குமானால் அது நோயின் குறியே. ஒரு நாள் தண்ணீரை அளந்து வைத்து, மீதியையும் அளந்து பார்த்தால் உண்மை விளங்கிவிடும். எனினும் சிறுநீரகக் கோளாறு, கருப்பையில் சீழ் வைத்தல் முதலிய பிற நோய்களிலும் தாகம் மிகும். ஆகையால் இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்த பின்னரே முடிவு கூற இயலும். எறும்பு மொய்க்கவில்லை என்பதால் நோய் இல்லை என்று எண்ணிவிடவும் கூடாது.

கண்ணில் புரை விழுதலும் ஒரு முக்கிய அறிகுறி. நீரிழிவுற்ற நாய்களுள் பெரும்பாலானவற்றிற்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் கண்புரை தோன்றி விடுகிறது. பார்வை இழந்த நாயும் மோப்பத்தாலும் செவியாலும் வீட்டிற்குள் நன்கு நடமாடும். கட்டிலையும் தண்ணீர்ச் சட்டியையும் இடம் மாற்றாது வைத்தல் அதற்குப் பேருதவியாகும். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லையாயின் வேலி அமைத்தல் அவசியம்.

கருத்தடை அறுவையின் அவசியம்

கருத்தடை செய்யப்படாத பெட்டை நாய்களுக்கு இந்நோய் மிகுதியாக வருகிறது. பருவத்திற்கு வந்த பின் சில வாரங்கள் வரை அதன் உடலில் மிகுந்து நிற்கும் ஹார்மோன், இன்சுலினின் வேலையைத் தடை செய்கிறது. நோய் கண்ட பெட்டை நாய்க்கு மருத்துவரின் ஆலோசனைப்படி விரைவில் கருத்தடை அறுவை செய்வித்தல் வேண்டும். நோயின் தொடக்கத்திலேயே செய்தால், சில நாய்களுக்கு நோய் தணிந்து ஊசியே தேவையற்றுப் போவதும் உண்டு. அறுவையைத் தள்ளிப்போட்டால் ஒவ்வொரு பருவத்திலும் சர்க்கரை கட்டுக்கடங்காது போகும்.

சொறி, அரிப்புக்காகப் போடப்படும் ஸ்டீராய்டு மருந்துகளும் சர்க்கரையை ஏற்றுவன. வேறு நோய்க்காக மருத்துவரிடம் செல்லும்போதும், நாய்க்கு நீரிழிவு உண்டு என்பதை முதலில் கூறிவிட வேண்டும்.

ஊசி போடும் முறை

இன்சுலின் பெரும்பாலும் 12 மணி நேரத்திற்கு ஒரு முறையாக, நாளுக்கு இரண்டு வேளை போடப்படுகிறது. காலை 6 மணிக்குப் போட்டால் மாலை 6 மணிக்கு மறுபடி போட வேண்டும். இது பெரும் சுமை என்று சிலர் அஞ்சலாம். கறவை மாடு வைத்திருப்போருக்கு இரு வேளைக் கட்டுப்பாடு புதிதன்று. திருமணமானாலும் திருவிழாவானாலும் மாட்டைக் கறக்காமல் விட முடியுமா? அதே ஒழுங்கை நாய்க்கும் கடைப்பிடித்தால் போதும்.

மருந்தின் வகையையும் அளவையும் மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். சரியான அளவு அமையச் சில வாரங்கள் ஆகலாம். ஒரு நாள் சர்க்கரை கூடிவிட்டது என்று நாமாக அளவை உயர்த்துதல் பெருந்தவறு.

முதலில் உணவு, பிறகு ஊசி என்பதே முறை. நாய் உண்ணும்போதோ உண்டு முடித்ததுமோ, தோளின் பின்புறத்திலோ விலாப்புறத்திலோ தோலை விரல்களால் கூடாரம் போல் தூக்கி, அதன் அடியில் ஊசியைச் செலுத்த வேண்டும். ஒரே இடத்தில் நாள்தோறும் குத்தாமல் இடத்தை மாற்றி வரவேண்டும். இவ்வூசி மிக மெல்லியது. பெரும்பாலான நாய்கள் திரும்பியும் பார்ப்பதில்லை. பால் போன்று கலங்கலாக இருக்கும் மருந்தாயின் புட்டியை உள்ளங்கைகளுக்கிடையே மெதுவாக உருட்டிக் கலக்க வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை மிக முக்கியம். நம் நாட்டில் இன்சுலின் 1 மில்லி லிட்டரில் 40 யூனிட் உள்ளதாகவும், 100 யூனிட் உள்ளதாகவும் இரு வகையில் கிடைக்கிறது. ஊசிக்குழல்களும் அவ்வாறே இரு வகை. 40 யூனிட் புட்டிக்குரிய குழலில் 100 யூனிட் மருந்தை எடுத்தால், 10 என்ற கோட்டளவில் உள்ளே செல்வது 10 யூனிட் அன்று, 25 யூனிட். அது நாயைக் கொல்லப் போதுமானது. ஆகவே மருந்துக் கடையில் வாங்கும் போதெல்லாம் புட்டியின் எண்ணையும் குழலின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தே வாங்க வேண்டும்.

மருந்தைக் குளிர்பதனப் பெட்டியில், உறையும் பகுதியில் படாதவாறு வைக்க வேண்டும். உறைந்த மருந்து பயனற்றது. பெட்டி இல்லாத வீடுகளில், நீர் ஊற்றிய மண்பானைக்குள், ஈரம் படாதபடி மூடிய சிறு பாத்திரத்தில் வைத்துக் காப்பது நற்பயன் தரும். பயன்படுத்திய ஊசிகளைக் குப்பையில் எறியாமல், மூடியுள்ள தகர டப்பாவில் சேர்த்து வைத்து மருத்துவமனையில் கொடுத்துவிட வேண்டும்.

உணவு

மருந்தின் அளவு மாறாது இருக்க வேண்டுமாயின் உணவின் அளவும் மாறாதிருத்தல் வேண்டும். ஒரு நாள் விருந்து, மறு நாள் வெறும் கஞ்சி என்னும் வழக்கம் இந்நாய்க்கு ஆகாது. ஒரே பாத்திரத்தால் அளந்து, இரு வேளையும் ஒரே வகை உணவை வைக்க வேண்டும். அளவான சோறு அல்லது கேழ்வரகுக் களியுடன், வேகவைத்த முட்டை அல்லது இறைச்சி, பூசணி, பீன்ஸ் போன்ற காய்கள் சேர்ந்த உணவு ஏற்றது. இவற்றின் அளவை நாயின் எடைக்கேற்ப மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பிஸ்கட், பாயசம், வெல்லம் கூடா. வெங்காயமும் திராட்சையும் எந்த நாய்க்குமே நஞ்சாவன.

"சர்க்கரை இல்லாதது" என்று எழுதப்பட்ட மிட்டாய்களில் சைலிட்டால் என்னும் பொருள் சேர்க்கப்படுவதுண்டு. மனிதருக்குத் தீங்கற்ற அப்பொருள் நாய்க்குக் கொடிய நஞ்சு. நீரிழிவுற்ற நாய்தானே என்று அன்புடன் அதைக் கொடுத்து உயிருக்கு உலை வைத்துவிடக் கூடாது.

வீட்டில் உள்ள அனைவரும், குறிப்பாகக் குழந்தைகளும் முதியோரும், இக்கட்டுப்பாட்டை அறிந்திருத்தல் வேண்டும். பத்தியம் பெரும்பாலும் உடைவது அன்பு மிகுந்த கைகளினால்தான்.

அபாயக் குறிகள்

சர்க்கரை மிகுதலைவிட, திடீரெனக் குறைதல் உடனடி ஆபத்தாகும். நாய் தள்ளாடும்; நடுங்கும்; சோர்ந்து விழும்; வலிப்பும் வரலாம். அப்போது தேனையோ வெல்லப் பாகையோ விரலில் தொட்டு ஈறுகளில் தடவ வேண்டும். நினைவற்ற நாயின் வாயில் எதையும் ஊற்றலாகாது; மூச்சுக் குழலில் புகுந்துவிடும். வலிப்பு வந்திருக்கையில் விரலைப் பற்களுக்கிடையே விடாமல், உதட்டின் உட்புறத்தில் தடவ வேண்டும். நாய் தெளிந்தவுடன் உணவளித்து, மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

நாய் உண்ண மறுத்த வேளையில் வழக்கமான அளவு ஊசியைப் போடாது மருத்துவரைக் கேட்க வேண்டும். ஊசி போட்டோமா இல்லையா என்று ஐயம் எழுந்தால், மீண்டும் போடவே கூடாது. ஒரு வேளை தவறுவதால் வரும் தீங்கு சிறிது. இரு முறை போடுவதால் வரும் தீங்கு பெரிது. நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் நேரம், உண்ட அளவு, போட்ட யூனிட், குடித்த தண்ணீர் ஆகியவற்றைக் குறித்து வந்தால் இந்த ஐயத்திற்கே இடமிராது. வாரம் ஒரு முறை எடையையும் குறித்து வருதல் நலம்.

மாறாக, இன்சுலின் போதாமையால் நாய் உணவை வெறுத்து, வாந்தி எடுத்து, மூச்சில் பழ வாடை வீசச் சோர்ந்து கிடந்தால், அது இரத்தத்தில் கீட்டோன் என்னும் அமிலப் பொருள் சேர்ந்ததன் குறியாகும். அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

முடிவுரை

இப்பராமரிப்புக்குப் பணமும் வேண்டும். அதனினும் மேலாகப் பொறுப்புள்ள ஆட்கள் வேண்டும். வீட்டில் ஒருவர் மட்டும் ஊசி போடக் கற்றிருந்தால், அவர் வெளியூர் சென்ற நாளில் நாயின் பாடு என்னாவது? ஆகவே இருவராவது கற்றிருத்தல் வேண்டும். அண்டை வீட்டாருள் தாமே இன்சுலின் போட்டுக்கொள்பவர் இருப்பின் அவர் உதவியையும் நாடலாம்.

இயலாத நிலை எவருக்கும் வரலாம். அதை மறைக்காது மருத்துவரிடம் கூறி, ஆகக்கூடிய வழியைக் கேட்டறிவதே நேர்மை. அதை விடுத்து, நாயை வண்டியில் ஏற்றி ஊர்க்கோடியில் விட்டு வருதல் தகாத செயல். ஊசி இல்லாத நாய் தாகத்தாலும் பசியாலும் நாளுக்கு நாள் உருகி மடியும். பசி தாகத்தால் துன்புறும்படி ஒரு பிராணியைக் கைவிடுதல், 1960 ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமுமாகும்.

பல ஆண்டுகள் நம் வாசலைக் காத்த ஒரு ஜீவனுக்கு, நாளுக்கு இரு வேளை சில நிமிடங்கள் ஒதுக்குதல் நம்மால் ஆகாத காரியமன்று. அளந்த உணவு, அளந்த மருந்து, தவறாத நேரம் ஆகிய இம்மூன்றையும் கைக்கொண்டால், மேலே நாம் கண்ட அந்தப் பெட்டை நாய் மீண்டும் உடல் தேறித் திண்ணையில் காவலிருக்கும். இந்நோய்க்கு ஒழுங்கே உற்ற மருந்து.