அம்மா ஊர் என்று நினைத்து வராதே

அன்புள்ள கயல்,

மந்தைவெளியில் யோகா படிக்க வருகிறாய், அம்பத்தூரில் நம் வீட்டில் தங்குகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னதிலிருந்து மனசு நிறைந்திருக்கிறது. "அம்மா பிறந்த ஊர்தானே, எனக்கென்ன புதுசு" என்று நீ சொன்னாயாம். அந்த நினைப்போடு மட்டும் விமானம் ஏறாதே, கண்ணு. உனக்கு இது வெளிநாடு. அப்படி நினைத்து வந்தால்தான் நன்றாகப் படிப்பாய்.

முதலில் காகிதம். உன் கையில் இருப்பது பிரெஞ்சு பாஸ்போர்ட். குறுகிய கால யோகப் பயிற்சிக்கு இ-டூரிஸ்ட் விசா போதும். பட்டயம் தரும் நீண்ட படிப்பு என்றால் மாணவர் விசா வேண்டும். எதில் சேர்ந்திருக்கிறாய் என்று பார்த்துவிட்டு விண்ணப்பி. அரசின் இணையதளத்தில் மட்டும் பணம் கட்டு. அதைப் போலவே தோற்றமளிக்கும் போலித் தளங்கள் நிறைய. வெளிநாட்டவர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நாங்கள் பதிவு செய்ய வேண்டும். அதைப் பெரியப்பா பார்த்துக்கொள்வார். ஆவடிப் பக்கம் போனால் போனை எடுத்துப் படம் பிடிக்காதே. டேங்க் தொழிற்சாலையும் விமானப்படைத் தளமும் இருக்கிற இடம் அது.

அடுத்தது உடம்பு. இங்கே காலை ஆறு மணி, பாரிஸில் குளிர்காலத்தில் நள்ளிரவு ஒன்றரை. வந்த மறுநாளே வகுப்பு வைத்துக்கொள்ளாதே. ஒரு வாரமாவது முன்னதாக வா. வேளைக்குச் சாப்பிடு, கேன் தண்ணீர் மட்டும் குடி, வெயில் தாழ்ந்த பிறகு நட. மந்தைவெளிக்கு இங்கிருந்து சென்ட்ரல் வரை மின்சார ரயில். எதிரே பார்க் டவுனில் பறக்கும் ரயில் மாற வேண்டும். திருவள்ளூர், ஆவடி வண்டிகள் அம்பத்தூர் வரும்போதே நிரம்பியிருக்கும். பெண்கள் பெட்டியில் ஏறு. நெரிசலில் நின்று போய்ச் சேர்ந்ததும் உடனே பாயை விரிக்காதே. மூச்சு அடங்கும்வரை உட்கார். அதற்கென்றே ஒரு வண்டி முன்னதாகப் புறப்படு.

நீ சேரும் யோக மந்திரம், யோக குரு கிருஷ்ணமாச்சாரியார் பெயரில் அவர் மகன் தேசிகாச்சார் 1976-இல் தொடங்கியது. கிருஷ்ணமாச்சாரியார் மைசூர் அரண்மனையில் கற்பித்துவிட்டு 1950-களில் சென்னைக்கு வந்தவர். மைசூரில் அவரிடம் ஓர் ஐரோப்பியப் பெண் வந்து நின்றாள். ரீகாவில் பிறந்தவள், பிற்காலத்தில் இந்திரா தேவி என்று உலகம் அறிந்தவள். பெண், அதிலும் வெளிநாட்டவள் என்று அவர் முதலில் மறுத்தார். மகாராஜா சொன்ன பிறகே ஏற்றுக்கொண்டார். உணவிலும் நேரத்திலும் கடும் ஒழுங்கு விதித்தார். அவள் முணுமுணுக்காமல் அதன்படி நடந்தாள். கடைசியில் "நீ போய்ச் சொல்லிக்கொடு" என்று அவரே அனுப்பினார். அவள் 1940-களின் பிற்பகுதியில் ஹாலிவுட்டில் யோகப் பள்ளி திறந்தாள். அவளைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. வெளியாள் என்ற நினைப்புதான் அவளைக் கவனமாகக் கேட்க வைத்தது என்று நினைக்கிறேன். சொந்த ஊர் என்று வருகிற பிள்ளைகள் பாதி காதோடுதான் கேட்கிறார்கள்.

கிருஷ்ணமாச்சாரியார் வழியில் மூச்சுக்கு இசைய உடம்பு அசைய வேண்டும். பயிற்சியும் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் முதல் வாரம் உனக்குக் கைகளைத் தூக்கி இறக்குவதை மட்டும் கொடுக்கலாம். பாரிஸில் சிரசாசனம் செய்தவள் நான் என்று அங்கே சொல்லாதே. பக்கத்தில் இருப்பவள் என்ன செய்கிறாள் என்றும் பார்க்காதே. முதுகுவலி, தூக்கமின்மை, சாப்பிடும் மாத்திரை, எதையும் மறைக்காமல் ஆசிரியரிடம் சொல். உன்னைத் தெரிந்தால்தான் உனக்கேற்றதை அவர் தர முடியும். புரியாத தமிழ் வார்த்தை வந்தால் தலையாட்டிவிடாதே, கேள்.

டிக்கெட் நகலை அனுப்பு. மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் பெரியப்பா வருவார். பைபாஸ் வழியாக வந்துவிடலாம். பாஸ்போர்ட், விசா நகல்களையும் இப்போதே அனுப்பிவிடு, பதிவுக்குத் தேவைப்படும்.

அன்புடன்,
பெரியம்மா
அம்பத்தூர்