டிஸ்க் படுக்குமுன் ஒரு நகல்

ஓசூர் சிப்காட் பக்கம் சின்னப் பட்டறை வைத்திருப்பவரா? பில்லும் டிராயிங்கும் ஒரே பழைய கணினியில்தான் கிடக்கிறதா? தைவானின் தேசிய உயர்திறன் கணிப்பு மையம் உருவாக்கிய 'குளோன்ஸில்லா' இலவசம். பென் டிரைவிலிருந்தே ஓடும். விண்டோஸோடு முழு டிஸ்க்கையும் புது எஸ்எஸ்டிக்கு அப்படியே நகலெடுக்கும். புதியது பழையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. அதன் எழுத்துத் திரை மிரட்டினால் 'ரெஸ்க்யூஸில்லா' போதும், எல்லாம் மவுஸில் முடியும்.

பலர் சறுக்குவது ஒரே இடத்தில்: எது பழையது, எது புதியது என்று மாற்றிக் காட்டிவிடுவார்கள். காலி டிஸ்க் உங்கள் பில், டிராயிங் மேல் நகலாகிவிடும். பிறகு அவற்றை மீட்கப் பெங்களூருக்கு ஓடினாலும் கிடைக்காது. மாடல் எண்ணை, கொள்ளளவைத் தாளில் குறித்துவிட்டுத் தொடங்குங்கள். யுபிஎஸ் இல்லாமல் தொடவே வேண்டாம்.

நகலுக்குப் பின் காலியாக நிற்கும் இடத்தை 'ஜிபார்ட்டட்' கொண்டு சேர்த்துக்கொள்ளலாம். படிக்கத் திணறும் டிஸ்க்குக்கு 'டிடிரெஸ்க்யூ'. கடகடவென்று சத்தம் வந்தால் எந்த மென்பொருளும் வேண்டாம், உடனே அணைத்துவிடுங்கள்.

இன்னொரு நகலை வெளி டிஸ்க்கில் எடுத்து, பாகலூரிலோ சூளகிரியிலோ, வீட்டு பீரோவில் வையுங்கள். பட்டறை மேசை டிராயரில் அல்ல.