ஓடைக்கும் எல்லை உண்டு

2015 நவம்பரில் பண்ருட்டியை அடுத்த பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடை பெருக்கெடுத்து வீடுகளுள் புகுந்தது, பலர் மாண்டனர். ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடப்பதால், ஓடையை ஓடையென்றே நாம் எண்ணுவதில்லை.

சட்டம் இல்லாமலில்லை. ஈரநிலப் பாதுகாப்பிற்கென மத்திய அரசு 2010-இல் வகுத்த விதிகளுக்கு மாற்றாக 2017-இல் புதிய விதிகள் வந்தன. அவை ஆற்று வழிகளையும், நெல்வயல்களையும், பாசனத்திற்கென அமைக்கப்பட்ட நீர்நிலைகளையும் விலக்கிவிட்டன. நம் ஏரிகளோ பெரும்பாலும் பாசன ஏரிகள்! ஏரிகளை அளந்து எல்லை குறிக்க வகைசெய்யும் தமிழகத்தின் 2007-ஆம் ஆண்டுச் சட்டமும், பொதுப்பணித் துறைப் பொறுப்பிலிருந்த ஏரிகளுக்கென இயற்றப்பட்டதே. 40 எக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய சிற்றேரிகள் ஊராட்சி ஒன்றியங்களைச் சார்ந்தவை. ஆகவே சிற்றேரி, குட்டை, ஓடை ஆகியவற்றைக் காக்கும் பொறுப்பில் பெரும்பங்கு நம்முடையதே. அதற்கு 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் இன்றும் துணை நிற்கிறது.

உறுப்பினர்கள் முதற்கண் கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள ‘அ’ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் கேட்டுப் பார்த்தல் வேண்டும். ஏட்டில் ஓடையாகவும் நேரில் முந்திரித் தோப்பாகவும் உள்ள புல எண்களைக் குறித்து, மார்ச் 22-ஆம் நாள் கூடும் கிராம சபையில் படிக்கலாம். அவ்விடத்தில் குடியிருக்கும் எளியோர்க்கு முதலில் மாற்று மனை காண வேண்டும். தோப்பு வைத்தவர்க்கு அச்சலுகை வேண்டுவதில்லை. ஓடை வறண்டிருக்கும் கோடையிலேயே நில அளவரை அழைத்து அளந்து கல் நடுவது எளிது.