பழைய எலக்ட்ரானிக் சாமான்: சட்டம் சொல்வதும் நாம் செய்ய வேண்டியதும்



நம் ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் கடைகளில் கல் வைத்து நிறுத்த தராசு போய் எலக்ட்ரானிக் தராசு வந்துவிட்டது. கைப்பில் போய் கம்ப்யூட்டர் பில் வந்துவிட்டது. பழுதானவை பரணில் ஏறுகின்றன. கடையை ஒதுங்க வைக்கும் நாளில் பழைய இரும்புக்காரரிடமோ, நகராட்சிக் குப்பை வண்டியிலோ போகின்றன. இதற்கென ஒரு சட்டம் இருப்பதை நம்மில் பலர் அறியவில்லை.

ஏன் இந்தச் சட்டம்?

பழைய சர்க்யூட் பலகையின் பற்றவைப்பில் காரீயம் உண்டு. டியூப் லைட்டில் பாதரசம் உண்டு. இவை குப்பைக் கிடங்கில் கிடந்து மழையில் நனைந்தால், விஷம் நிலத்தடி நீருக்கு இறங்கும். செம்புக்காக வயரை எரித்தால் அந்தப் புகையும் நஞ்சே. 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடி குப்பைக் கிடங்கு பல நாட்கள் எரிந்ததை நாடே பார்த்தது. மலையடிவாரத்தில் கண்மாயையும் கிணற்றையும் நம்பியிருக்கும் நமக்கு இது பிறர் கதை அல்ல.

சட்டத்தின் சாரம்

மத்திய அரசின் மின்னணுக் கழிவு விதிகள் முதலில் 1.5.2012-ல் அமலுக்கு வந்தன. 2016-ல் மாற்றப்பட்டன. 2022-ல் வெளியான புதிய விதிகள் 1.4.2023 முதல் நடைமுறையில் உள்ளன. 21 ஆக இருந்த பொருள் வகைகள் 106 ஆகிவிட்டன.

சோடா கம்பெனி காலி பாட்டிலைத் திரும்ப எடுத்ததை நாம் அறிவோம். அதே நியாயந்தான் இங்கும். விற்ற பொருள் ஆயுள் முடிந்ததும், அதில் ஒரு பங்கை மறுசுழற்சி செய்வித்ததற்கான சான்றைத் தயாரிப்பாளர் காட்ட வேண்டும். அந்தப் பங்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 60 சதம், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 70 சதம், 2027-28 முதல் 80 சதம். ஆக, பெரிய பாரம் தயாரிப்பாளர் தலையில்தான்.

கடைக்காரர் கவனிக்க வேண்டியவை

1. ஆண்டில் ஏதேனும் ஒரு சமயத்தில் 1,000 சாதனங்களுக்குக் குறையாமல் பயன்படுத்தும் நிறுவனமே 'மொத்த நுகர்வோர்'. நம் கடைகள் அதில் வாரா.

2. வெளியூரில் செய்த அயர்ன் பாக்ஸ், ஃபேன் போன்றவற்றில் உங்கள் சொந்தப் பெயரை அச்சிட்டு விற்றால் சட்டப்படி நீங்களே தயாரிப்பாளர். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். குறுந்தொழில்களுக்கு விலக்கு உண்டு. அது உங்களுக்குப் பொருந்துமா என்று ஆடிட்டரிடம் கேட்டபின் பெயரை அச்சிடுங்கள்.

3. பேட்டரிக்கு 2022-ல் தனி விதிகள் வந்துள்ளன. அதை மற்றக் குப்பையோடு சேர்க்கக் கூடாது. புது பேட்டரி வாங்கும்போது பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளும் நம் வழக்கம் நல்லதே.

4. டியூப் லைட்டை உடைத்துப் போடாதீர்கள். தனியே சுற்றித் துப்புரவுப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள்.

5. கம்ப்யூட்டரைக் கொடுக்கும் முன் கணக்குகளை வேறிடத்தில் பதிந்து வைத்து, பிறகு அதிலிருந்து அழித்துவிடுங்கள்.

சங்கம் செய்யக்கூடியது

சட்டம் சரி, நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு கடையில் சேர்வது ஐந்து, பத்து கிலோ. அதற்காகப் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனம் நம் ஊருக்கு வண்டி அனுப்பாது. பழைய இரும்புக்காரரோ வாசலில் நின்று ரொக்கம் தருகிறார். அவர் பிழைப்பையும் நாம் கெடுக்க வேண்டியதில்லை. முழுப் பொருளாக வாங்கி முழுப் பொருளாகவே பதிவு பெற்ற நிறுவனத்திடம் அவர் சேர்த்தால் போதும். உடைப்பதும் எரிப்பதும்தான் கேடு.

தனிக்கடைக்கு முடியாததைச் சங்கத்தால் முடிக்கலாம். ஆண்டுக்கு இருமுறை ஒரு நாள் குறித்து, எல்லாக் கடைச் சாமானையும் ஓரிடத்தில் சேர்த்தால் லாரி லோடு தேறும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியலைக் கேட்டு, விலை பேசி, எடைபோட்டு ரசீதோடு அனுப்பலாம். சரக்கைச் சேர்த்து வாங்கினால் விலை குறையும் என்பது நாம் அறிந்த பாடம். கழிவுக்கும் அதே கணக்குத்தான். அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாக எடுத்துக்கொள்ள வேண்டுமென உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.