கண் ஓடுகிறது, மனம் எங்கே?

கேள்வி: கதைப் புத்தகம் எடுத்தால் கண் வரி வரியாகப் போகிறது. ரெண்டு பக்கம் புரட்டிய பிறகு பார்த்தால் மண்டையில் ஒன்றுமே ஏறவில்லை. வயசாகிவிட்டதா எனக்கு?
– ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: வயசைக் குறை சொல்லாதீங்க அம்மணி. கல்லூரிப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எரிக் ரெய்க்கிளும் கூட்டாளிகளும் சிலரை ஜேன் ஆஸ்டினின் நாவல் ஒன்றைப் படிக்கச் சொல்லிக் கண்ணசைவைப் பதிவு செய்தார்கள். ஆய்வு 2010இல் வெளிவந்தது. மனம் நழுவிய பிறகும் கண் வரியில் ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லிலும் கூடுதல் நேரம் தங்கியது. பழகிய சொல், அரிய சொல் என்ற வித்தியாசம் அதற்கு மங்கிப்போனது. நழுவியதைப் பல சமயம் படிப்பவரே உணர்வதில்லை என்பதுதான் சிக்கல்.

வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஆர். சண்முகசுந்தரம் 1942இல் எழுதிய 'நாகம்மாள்' இதற்கு அருமையான புத்தகம். அதில் பேச்செல்லாம் நம் கொங்குத் தமிழ். யார் யாரிடம், என்ன கோபத்தில் பேசுகிறார்கள் என்று புரியாமல் அந்தப் பேச்சுக்குக் குரல் கொடுக்க முடியாது.

மனம் போனது தெரிந்ததும் பக்கத்தின் தலைக்கு ஓடாதீர்கள். கடைசியாக நினைவிருக்கும் வரியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து தொடருங்கள். செல்போன் அடுத்த அறையில் இருக்கட்டும். கண் சொருகினால் தூங்கிவிடுங்கள்.

படிக்காத நேரத்திலும், கூப்பிடுவது காதில் விழாமல் சில விநாடி வெறித்து நிற்பது அடிக்கடி நடந்தால் மட்டும் தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.